ஆயுதம் இல்லாமல் போர்முனைக்கு

1914 அக்டோபர் 31. இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் நோக்கிக் கிளம்பிய கப்பலில் 43 பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. பெரும்பாலும் இளைஞர்கள். சில ஆம்புலன்ஸ் வண்டிகளும் மருந்துப் பெட்டிகளும்தான் அவர்கள் கொண்டுபோனவை. கரையைத் தாண்டிச் சிறிது நேரத்திலேயே, ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி மூழ்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். கடலில் தத்தளித்த மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றி, டோவருக்கே திரும்பி வந்து இறக்கிவிட்டு, மறுபடியும் புறப்பட்டார்கள்.

டன்கர்க் போய்ச் சேர்ந்தபோது காத்திருந்தது அதைவிடக் கொடுமை. ரயில் நிலையத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகைகளில், மூவாயிரம் பேர் அளவுக்குக் காயம்பட்ட படைவீரர்கள் வைக்கோல்மீது கிடந்தார்கள். போர்முனையிலிருந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கியவர்கள். அடுத்து ஏற்றிச்செல்லக் கப்பல் வரவில்லை. நாள்கணக்கில் கட்டுப் பிரிக்காத புண்கள். அழுகல் வாடை. வந்தவர்கள் அன்றிரவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். பழைய கட்டை நனைத்துப் பிரிப்பது, சீழைத் துடைப்பது, புதுக் கட்டுப் போடுவது, அடுத்தவரிடம் நகர்வது என்று மூன்று வாரம் இதே வேலை.

இவர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு அது. பாதிரியார் கிடையாது, மௌனமாக அமர்ந்திருப்பதே வழிபாடு. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 1661-லேயே மன்னர் இரண்டாம் சார்லஸிடம் எழுதிக்கொடுத்தவர்கள்.

போர் மூண்டதும் அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குத் தர்மசங்கடம். சண்டைக்குப் போகக் கூடாது. அதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்கவும் மனம் ஒப்பவில்லை. பிலிப் பேக்கர் என்ற இளைஞர் 1914 ஆகஸ்டில் ஒரு குவேக்கர் வார இதழில், ஆம்புலன்ஸ் படை ஒன்றில் சேரும்படி அழைப்பு விடுத்தார். அவர் பின்னாளில் நோயல்-பேக்கர் என்று அறியப்பட்டார். 1920 ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, 1959-ல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர் அவரே.

என்னை மிகவும் கவர்வது அழைப்புக்கும் பயணத்துக்கும் நடுவில் இருந்த செப்டம்பர் மாதம். பக்கிங்ஹாம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்ற சிற்றூரில் முகாம் போட்டுப் பயிற்சி எடுத்தார்கள். முதலுதவி, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, சுகாதாரம், திறந்தவெளியில் சமையல், நீண்ட நடை. போர் நடக்கும் ஊருக்கு உதவப் போக வேண்டும் என்று துடிப்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அந்தத் துடிப்பு உயர்ந்தது. ஆனால் கட்டுப் போடத் தெரியாத பத்துப் பேர் அந்தக் கொட்டகைக்குள் போயிருந்தால், காயம்பட்டவர்களின் சோற்றுக்கும் தண்ணீருக்கும் பங்குக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் டைபாய்டு பரவியது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஊரில், வெளியேறாமல் தங்கிவிட்ட மக்களிடையே நோயாளிகளைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தடுப்பூசி போட்டார்கள், குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து வேலை செய்தார்கள்.

கடினமான கேள்வி இனிமேல்தான். காயத்தை ஆற்றிவிட்டால் அந்த வீரன் மறுபடி போர்முனைக்குத்தானே போவான்? அப்படியானால் நாம் செய்வது யாருக்கு உதவி? இந்தச் சந்தேகத்தால்தான் குவேக்கர் தலைமைச் சபை இந்தப் படையைத் தன் அமைப்பாக ஒருபோதும் ஏற்கவில்லை. 1916-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது நெருக்கடி முற்றியது. மனசாட்சியைக் காரணம் காட்டிச் சண்டைக்கு மறுத்தவர்களிடம், ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தால் விலக்கு தருகிறோம் என்றன விசாரணை மன்றங்கள். அதையும் மறுத்தவர்களுக்குக் காத்திருந்தது சிறை.

முதல் குழுவிலேயே டன்கர்க் போன கார்டர் கேட்ச்பூல் இதைத் தாங்கிக்கொள்ளவில்லை. தொண்டு என்று வந்த இடம் போர் இயந்திரத்தின் ஒரு பல்சக்கரமாக மாறிவிட்டது என்று நினைத்தார். பதவியை விட்டு ஊர் திரும்பி, ராணுவத்துக்குக் கீழ்ப்படிய மறுத்து, 1917 முதல் 1919 வரை சிறையில் கிடந்தார். அவருடைய தோழர்கள் பலர் வண்டி ஓட்டுவதை நிறுத்தவில்லை. விஞ்ஞானப் புனைகதைகளால் பின்னாளில் புகழ்பெற்ற ஓலஃப் ஸ்டேபிள்டன் அவர்களில் ஒருவர். பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்றோடு சேர்ந்து ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

இந்த இரண்டு வழிகளில் எது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் விரும்பவில்லை. ஒரே வேதம், ஒரே மௌனம். சில குவேக்கர்களைப் போர்முனையிலேயே இருக்கச் சொன்னது, வேறு சிலரைச் சிறைக்குப் போகச் சொன்னது. இரு தரப்புமே வசதியான வழியைத் தேடவில்லை.

1939-ல் அடுத்த போர் தொடங்கியதும் இந்த ஆம்புலன்ஸ் படை மறுபடி திரட்டப்பட்டது. 1942-ல் காந்தியின் நண்பர் ஹோரஸ் அலெக்சாண்டர் தலைமையில் ஒரு பிரிவு கல்கத்தா வந்தது. ஜப்பானிய விமானக் குண்டுவீச்சுக்கு மக்களைத் தயார்ப்படுத்த வந்தவர்கள் அவர்கள். அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டு வங்கமே பட்டினியில் விழுந்தது. எதற்காகக் கிளம்பினோம் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் குழந்தைகளுக்குப் பால் வழங்கத் தொடங்கினார்கள்.