திரும்பி வரும் வழி

1969ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மனிதன் சந்திரனிற் கால் வைத்த செய்தியை அறியாதார் இலர். ஆயின், வெற்றி பெற்ற அந்த ஒரு வழிக்குப் பின்னே, தாளில் எழுதப்பெற்று ஒருபோதும் புறப்படாத பயணத் திட்டங்கள் பல உள. நடவாதவற்றை ஆராய்வதாற் பயன் யாது என்று கேட்கலாம். அவை யாவும் ஒரே வினாவுக்கு அறிஞர் தேடிய விடைகள். சந்திரனுக்குப் போவது எப்படி என்பது அவ்வினாவின் பாதியே. போனவனை உயிரோடு மீட்டுக் கொணர்வது எப்படி என்பதே அதன் கடினமான மறுபாதி.

இதனை விளங்கிக்கொள்ள நமக்குப் பழக்கமான ஓர் உவமை போதும். உரும்பிராயிலிருந்து ஓர் அடியவர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் மடமில்லை, அன்னமிடுவாரும் இல்லை. போவதற்கும் மீள்வதற்கும் வேண்டிய அரிசியை அவரே சுமக்க வேண்டும். சுமை கூடினாற் பசி கூடும். பசி கூடினால் அரிசியும் கூட வேண்டும். விண்வெளிப் பயணத்தின் இடரும் இதுவே. அங்கே அரிசிக்குப் பதிலாக எரிபொருள். அப்பொலோ பயணத்திற் புறப்பட்ட றொக்கெற்றின் நிறை ஏறத்தாழ 2,900 தொன். மூவரைத் தாங்கி மீண்டு வந்து கடலில் இறங்கிய கலமோ ஏறத்தாழ 5 தொன்.

இவ்வினாவை முறையாகக் கணக்கிட்டவர்களுள், பிரித்தானியக் கோளிடைக் கழகத்தார் முதன்மையானவர். மூவரைச் சந்திரனில் இறக்கி மீட்கும் கலமொன்றின் வரைபை 1939இல் அவர்கள் வெளியிட்டனர். அதன் நிறை ஏறத்தாழ 1,000 தொன். எரிந்து முடிந்த குழல்களை இடைவழியிலேயே கழற்றி எறிந்து சுமையைக் குறைப்பது அவர்களது உத்தி. அக்குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் பின்னர் நம் நாட்டவராகவே வாழ்ந்தார். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே குடியிருந்த ஆதர் சி. கிளாக் அவரே.

இருபது ஆண்டுகளின் பின், 1959இல், அமெரிக்கத் தரைப்படையினர் 'ஹொறைசன்' என்னும் திட்டத்தை வகுத்தனர். 1966இன் முடிவுக்குள் பன்னிருவர் தங்கும் பாசறையைச் சந்திரனில் அமைப்பது அவர் நோக்கம். அதற்கு ஏறத்தாழ 150 றொக்கெற்றுகளை ஏவ வேண்டும் என்று கணக்கிட்டனர். அத்துணைப் பெருஞ்செலவுக்கு அரசு இணங்கவில்லை.

போட்டி முற்றிய 1962இல் எழுந்த யோசனை ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்வது. பெல் நிறுவனப் பொறியியலாளர் இருவர், ஒருவனை மாத்திரம் சந்திரனுக்கு அனுப்பிவிடலாம் என்றனர். மீள்வதற்குரிய எரிபொருள் அவனிடம் இராது. பின்னொரு காலத்தில் அவனை மீட்கும் கலம் ஆயத்தமாகும்வரை, உணவும் காற்றும் அடங்கிய பொதிகளைத் தொடர்ந்து அனுப்பி அவனை உயிரோடு வைத்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். மீளும் அரிசி சுமையாக இருக்கிறதென்று அதனை வீட்டிலேயே விட்டுச் செல்வது போன்றது இது. எதிரியை முந்துவதே குறியானால், மனிதன் கருவியாகிவிடுகிறான். அந்த யோசனை செயலாகாமற் போனது நன்றே.

அக்காலத்தில் அமெரிக்க அறிஞரிடையே மூன்று வழிகள் வாதிக்கப்பட்டன. மாபெரும் றொக்கெற்று ஒன்றில் நேரே சென்றிறங்கி நேரே மீள்வது முதலாவது. பகுதிகளைத் தனித்தனியே ஏவிப் பூமியைச் சுற்றும் பாதையில் ஒன்றுசேர்த்துச் செல்வது இரண்டாவது. மூன்றாவதை வற்புறுத்தியவர் ஜோன் ஹூபோல்ற். நமது அடியவரை மீண்டும் நினையுங்கள். கதிரமலையில் ஏறும்போது வீடு திரும்புவதற்கான மூட்டையையும் தூக்கிச் செல்வாரா? அடிவாரத்தில் ஒருவரிடம் அதனை ஒப்புவித்து, வெறுங்கையோடு ஏறி இறங்குவார். அவ்வாறே தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறு கலம் மாத்திரம் இறங்கி மீள வேண்டும் என்றார் ஹூபோல்ற். நெடுந்தொலைவிற் கலங்கள் ஒன்றையொன்று தவறவிட்டால் வீரர் கதி என்ன என்று பலர் அஞ்சினர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1961 நவம்பரில், தமக்கு மேலிருந்த அதிகாரிகளைக் கடந்து, நாசாவின் உயர்பதவியாளருக்கு நேரே கடிதம் எழுதினார். 1962 யூலையில் அவர் வழியே தெரிவு செய்யப்பட்டது.

சோவியத் நாட்டவரும் இதே வழியைத்தான் நாடினர். அவர் திட்டப்படி இருவர் சென்று, ஒருவர் மாத்திரம் இறங்குவார். இறங்கும் கலத்தை ஆளின்றிப் பூமியின் சுற்றுப்பாதையிற் சோதித்தும் பார்த்தனர். ஆயின் அவர்களது 'என்-1' என்னும் பெரு றொக்கெற்றின் முதலடுக்கில் 30 எந்திரங்கள் இருந்தன. அவ்வடுக்கை முழுமையாக நிலத்தில் வைத்து ஒருமுறையேனும் எரித்துச் சோதிக்கவில்லை. 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு முறை ஆளின்றி ஏவினர்; நான்கு முறையும் தோல்வி. அவற்றுள் ஒன்று 1969 யூலை 3ஆந் திகதி ஏவுதளத்தையே அழித்தது. திட்டங்களை வகுத்த தலைவர் கொறொலேவ் 1966இலேயே காலமாகியிருந்தார்.

பள்ளிக்கூடத்திற் கணக்கின் இறுதி விடைக்கே பெருமதிப்பு அளிக்கிறோம். மாணவன் அடித்துவிட்ட வரிகளை எவரும் நோக்குவதில்லை. ஆனால், நேர்வழி எத்துணைச் சுமையுடையது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியிராவிட்டால், ஹூபோல்ற்றின் வழி இலகுவானது என்பதை எவரும் உணர்ந்திருக்க மாட்டார். கைவிடப்பட்ட திட்டங்கள் அடித்துவிட்ட வரிகள் போன்றவை. விடைக்கு இட்டுச் சென்றவையும் அவையே. அவற்றுட் சில செலவாற் கைவிடப்பட்டன. சில அவசரத்தால் அழிந்தன. மீளும் வழியின்றி மனிதனை அனுப்ப எண்ணிய திட்டமோ, எத்துணை விரைவானதாயினும், கைவிடத்தக்கதே. நம் பிள்ளைகள் நாளை எத்தகைய பெருமுயற்சியில் இறங்கினும், போகும் வழியை வகுக்கும் அன்றே திரும்பும் வழியையும் வகுக்கப் பழகுவாராக.