மயங்கிக் கிடக்கும் குதிரை மூச்சு விடுகிறதா? 'பெல்ட்' காட்டிக் கொடுக்கிறது!

மனிதனுக்கு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பது இன்று சாதாரண விஷயம். மயக்கம் தெளிந்ததும், "காபி கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள்கூட உண்டு.

குதிரைக்கு அப்படியல்ல. கத்தி வைப்பதற்கு முன்பே, மயக்க மருந்து கொடுக்கும்போதே, டாக்டருக்குத் திக் திக்!

41,824 குதிரைகளைக் கணக்கெடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். வயிற்று வலிக்கு ஆபரேஷன் செய்த குதிரைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில் 7 நாளுக்குள் உயிர் போயிருந்தது. இதயம் நின்று இறந்தவை உண்டு. எழுந்திருக்கும்போது கால் முறிந்து இறந்தவையும் உண்டு.

உடம்பே எதிரி

500 கிலோ குதிரையை மல்லாக்கப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? வயிற்றுக்குள் இருக்கிற பெருங்குடல் சரிந்து நுரையீரல் மேல் உட்காருகிறது. அடியில் சிக்கிய பகுதி அமுங்கிப் போய்விடும். அங்கே ரத்தம் போகும், காற்று போகாது. போன ரத்தம் பிராண வாயு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பும்.

நெஞ்சு ஏறி இறங்குவது வெளியே தெரியும். உள்ளே எந்தப் பக்கம் காற்று போகிறது? அதுதான் தெரியாது. ஸ்கேன் எடுக்கலாமே என்றால், வளர்ந்த குதிரையின் நெஞ்சு அந்த மிஷினின் வளையத்துக்குள் நுழையாது!

வலிக்காத மின்சாரம்

இதற்குத்தான் பெல்ட் வந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பெல்ட்டில் வரிசையாக மின்முனைகள். துளி மின்சாரம் ஒன்றின் வழியாக உள்ளே போய் இன்னொன்றில் வெளியே வரும். குதிரைக்கு ஒன்றும் தெரியாது. காற்று நிறைந்த இடத்தில் மின்சாரம் தடைபடும்; ரத்தமும் சதையும் உள்ள இடத்தில் சுலபமாக ஓடும். இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஒவ்வொரு மூச்சையும் திரையில் படமாக ஓட்டுகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் காற்று எங்கே போகிறது என்று சொல்ல அது போதும்.

பெயர்தான் வாயில் நுழையாது: எலெக்ட்ரிகல் இம்பீடன்ஸ் டோமோகிராபி. 1980-களில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் பார்பர், பிரவுன் என்ற இருவர் மனிதர்களுக்காக ஆரம்பித்தது. குதிரைக்கு இந்தப் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தவர்களில் மார்ட்டினா மோசிங் என்ற பெண் டாக்டர் முக்கியமானவர். பெல்ட் காட்டிய மாற்றமும் குதிரை இழுத்த காற்றின் அளவும் ஒத்துப்போகிறதா என்று சோதித்து, 2019-ல் அவரது குழு முடிவை வெளியிட்டது. ஒத்துப் போனது.

காண்டாமிருகத்துக்கும் கட்டினார்கள்!

ஆபரேஷன் அறையில் மட்டுமல்ல, காட்டிலும் இதே கவலை உண்டு. வெள்ளைக் காண்டாமிருகத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வைத்தியம் செய்ய வேண்டும் என்றால் எட்டார்ஃபின் மருந்து ஊசியைத் துப்பாக்கியால் சுட்டு மயக்குகிறார்கள். அது சாய்ந்ததும் ரத்தத்தில் பிராண வாயு மளமளவென்று குறைந்துவிடுகிறது.

ஏன் குறைகிறது? 6 ஆண் காண்டாமிருகங்களுக்குப் பெல்ட் கட்டிப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. பக்கவாட்டில் படுத்த மிருகத்தின் கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கி மூடிக் கிடக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை! அது திறந்தேதான் இருந்தது. ஆனால் மூச்சுக் காற்றும் ரத்தமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். எல்லாம் மேல்பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தன.

மூடிய நுரையீரல் என்றால் காற்றை அழுத்திச் செலுத்தித் திறந்துவிடலாம். திறந்தே கிடக்கிற நுரையீரலுக்கு அந்த வைத்தியம் எடுபடுமா? வேறு வழி தேட வேண்டியது டாக்டர்கள் பாடு.