நகல் பாலத்தின் வயது

அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாள் 1775 ஏப்ரல் 19. அன்று காலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில், வடபாலத்தைச் சுமார் நூறு பிரிட்டிஷ் சிப்பாய்கள் காத்து நின்றார்கள். அக்கரை மேட்டிலிருந்து ஊர்ப்படையினர் ஏறத்தாழ நானூறு பேர் இறங்கி வந்தார்கள். முதலில் சுட்டவர்கள் சிப்பாய்கள். ஆக்டன் ஊர்ப் படைத்தலைவர் ஐசக் டேவிஸ் சாய்ந்தார். திருப்பிச் சுட மேஜர் ஜான் பட்ரிக் ஆணையிட்டார். சில நிமிடங்களில் மன்னரின் படை பின்வாங்கியது.

அன்று அது உழவரும் வண்டிகளும் ஆற்றைக் கடக்கப் போட்டிருந்த வெறும் மரப்பாலம். 1793இல் சாலை வேறு பக்கம் திரும்பியதும் ஊராரே அதைப் பிரித்துப் போட்டார்கள். சண்டை நடந்து 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அன்று துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். நேரில் கண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் தேவைப்படவில்லை போலும்.

தேவை பிறகுதான் வந்தது. 1836இல் நினைவுக் கல்தூண் எழுப்பியபோது ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. தூண் பிரிட்டிஷார் நின்ற கரையிலேயே நிற்கிறது. ஊர்ப்படை நின்ற கரைக்குச் சிலை வர 1875 ஆயிற்று. பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த அந்த ஊர்ப்படை வீரன் சிலையைச் செய்தவர் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் என்ற இளைஞர். சிலையை அடைய ஒரு புதுப் பாலமும் எழுந்தது. அதன் நடுவே பந்தல் போன்ற அலங்காரம்! 1775இல் அந்தப் பாலத்தில் எவரும் நிழலுக்கு ஒதுங்கியிருக்க மாட்டார்கள். 1888 வெள்ளம் அதை அடித்துப் போனது. அடுத்து வந்த மரப்பாலமும் நிலைக்கவில்லை. 1909இல், இனி போகாது என்ற நம்பிக்கையில், கான்கிரீட்டில் கட்டினார்கள்.

கான்கிரீட் பாலம் 1955 வெள்ளத்தில் போயிற்று. 1956இல் அலங்காரத்தையும் உறுதியையும் விட்டுவிட்டு, பழைய பாலத்தின் வடிவத்துக்கே திரும்பினார்கள். என் கணிப்பில் நான்கு முயற்சிகளிலும் நேர்மையானது இதுதான். அழியக்கூடியதை அழியக்கூடிய மரத்திலேயே செய்தார்கள். 2005இல் பழுதும் பார்த்தார்கள். ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. அன்று அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் பாலத்துக்கு வந்தார்கள். இன்று பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் அக்கரைக்கும் போய்வருகிறார்கள். வண்டிச் சத்தம் போய், தேசியப் பூங்காவின் நடைபாதை வந்திருக்கிறது.

1760 வாக்கில் கட்டிய அசல் பாலம் நின்றது ஏறத்தாழ 33 ஆண்டுகள். கான்கிரீட் பாலம் 46 ஆண்டுகள். மர நகல் அவை இரண்டின் வயதையும் எப்போதோ தாண்டிவிட்டது.