சரிகைக்குத் தராசு உண்டு, சாயத் தண்ணீருக்கு?

"பழைய பட்டுப் புடவை இருக்கா? சரிகைப் புடவை, சரிகை வேட்டி இருக்கா?"

தமிழகத்துத் தெருக்களுக்குப் பழக்கமான குரல் இது. கிழிந்ததா, கொடு என்கிறான். எலி கடித்ததா, எடுத்து வா என்கிறான். மடிப்பு விட்டு, நிறம் கெட்டு, பெட்டியடியிலே ஆண்டுக்கணக்காய்க் கிடந்ததா, அதுதான் வேண்டும் என்கிறான். கட்ட முடியாத புடவைக்குக் காசு கொடுக்கிறானே, பைத்தியமா அவனுக்கு? பைத்தியமல்ல, தோழர்களே! பரணிலே பணம் தூங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்து கொண்டவன் அவன்.

கணக்கைப் பாருங்கள். சரிகையை மார்க் என்ற அளவிலே விற்கிறார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். கூட்டுறவுச் சங்கங்கள் தரும் அசல் சரிகையிலே நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி, 35.5 பங்கு செம்பு, 24 பங்கு பட்டு, அரைப் பங்கு தங்கம். ஆக, ஒரு மார்க்கிலே 96 கிராம் வெள்ளியும் 1.2 கிராம் தங்கமும் ஒளிந்திருக்கின்றன. அந்நாளைய சரிகையிலே வெள்ளி இன்னும் கூடுதல். புடவையை எரிக்கிறார்கள், பட்டு சாம்பலாகிறது, உலோகம் மிஞ்சுகிறது. உருக்குகிறார்கள், அமிலத்திலே கரைக்கிறார்கள், வெள்ளி வேறு, தங்கம் வேறு என்று பிரிக்கிறார்கள். பாட்டியின் கூறைப் புடவை பேத்தியின் கொலுசாகிறது!

இதற்குத்தான் இன்று 'மறுசுழற்சி' என்று பெயர். பெயர் புதிது, காஞ்சிக்குப் பாடம் பழையது.

அந்தப் பெயர் இப்போது கொடி கட்டிப் பறக்கும் இடம் எது? இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம்! 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உருண்டோடத் தொடங்கிய பிறகு, ஏரிக்கரை தோறும் ஆலை எழுந்தது. தறிக்குழியிலே கால் வைத்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள் அங்கே. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, சிவப்புத் தொட்டி என்று வரிசை பார்க்க அழகுதான். ஜூன் 5 வந்தால் மரக்கன்று. கன்றுக்குப் பின்னாலே மேலாளர். மேலாளருக்கு முன்னாலே புகைப்படக்காரர்!

நாம் தொட்டியைக் குறை சொல்லவில்லை. தொட்டி நல்லது. மரம் மிக நல்லது. ஆனால் தொட்டி நிரம்பிய பிறகு என்ன நடக்கிறது? அதைத் தொழிலாளி கேட்டால் எப்படியிருக்கும்? கற்பனை செய்து பாருங்கள்.

"ஐயா, பிரித்துக் கொடுத்த அட்டையும் செம்பும் என்ன விலைக்குப் போயிற்று?"

"அது நிர்வாகத்தின் விஷயம்."

"பிரிக்கிற கைக்குக் கையுறை?"

"அது ஒப்பந்தக்காரர் விஷயம்."

"கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது?"

"அது ஊராட்சி விஷயம்."

"அப்படியானால் உங்கள் விஷயம் எது?"

"படம் எடுத்தோமே, பார்க்கவில்லையா?"

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். பெருங்கம்பெனியை மட்டும் பேசிவிட்டு நம் வீட்டுத் திண்ணையை மறந்துவிட்டால், அது நேர்மையாகாது. காஞ்சியிலே சங்கம்தான் கம்பெனி. தறி கிடக்கும் வீடுதான் தொழிற்சாலை. சாயப் பட்டறைதான் அதன் புகைபோக்கி. ஆகவே தறிக்கே வருவோம்.

நெசவாளிக்குப் பாவு கொடுக்கும்போது நிறுத்துக் கொடுக்கிறார்கள். ஊடைக்குப் பட்டு, நிறுத்துக் கொடுக்கிறார்கள். சரிகை, சொல்லவே வேண்டாம். கோர்வைக் கரையும் முந்தியும் கூட்டி, நாட்கணக்காய்க் குனிந்து நெய்து, புடவையை மடித்துக் கொண்டு போனால், அங்கே வரவேற்பது யார்? தராசு! கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்துப் போகிறதா? குறைந்தால் கூலியிலே பிடித்தம். அறுந்த இழைக்கும் கணக்கு, உதிர்ந்த சரிகைக்கும் கணக்கு. குற்றமென்று சொல்லவில்லை நாம்; பொதுச்சொத்து, கணக்கு வேண்டும்தான். கேள்வி இதுதான்: நெசவாளியின் கையிலே உதிரும் ஒரு கிராம் சரிகைக்குத் தராசு தூக்குகிறவர்கள், பட்டறையின் வாய்க்காலிலே ஓடும் குடம் குடமான தண்ணீருக்கு என்றைக்காவது தராசு தூக்கியதுண்டா?

கச்சாப் பட்டை அப்படியே நெய்ய முடியாது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலே வேகவைத்துப் பசையைப் போக்குகிறார்கள். ஒரு கிலோ பட்டிலே 200 முதல் 250 கிராம் வரை பசையாகக் கரைந்து போகும். கால் பங்கு! பட்டுப்பூச்சி தன் உடம்பிலிருந்து சுரந்த புரதம் அது. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து முகப்பூச்சிலே கலந்து விற்கிறது உலகம். நம் ஊரிலே அது சாக்கடையிலே அழுகி நாறுகிறது. அடுத்தது சாயம். கொப்பரையிலே கொதிக்கும் சாயத்தில் பட்டை முக்கி, திருப்பி, மீண்டும் முக்கி எடுக்கிறார்கள். பட்டு குடித்தது போக மிஞ்சியது கொப்பரையிலே நிற்கிறது. பிறகு ஒரு அலசல், இரண்டு அலசல், மூன்று அலசல். அத்தனையும் வாய்க்காலுக்கு.

வாய்க்கால் எங்கே போகிறது? ஊரைத் தொட்டு ஓடும் வேகவதிக்கு. சாக்கடையும் சாய நீரும் கலந்து, பெயரிலே மட்டும் வேகம் மிஞ்சிய ஆறு. வேகவதி எங்கே போகிறது? திருமுக்கூடலிலே பாலாற்றைச் சேருகிறது. பாலாறு எது? மணலிலே கிணறு தோண்டி, காஞ்சி நகரம் குடிநீர் எடுத்து வந்த ஆறு! கல்யாண மண்டபத்திலே மினுமினுக்கும் அரக்குச் சிவப்பின் மறுபாதி, கரையோரக் குடிசையின் கிணற்றடியிலே கிடக்கிறது.

வெள்ளி திரும்பி வருகிறது; தண்ணீர் ஏன் திரும்பி வரவில்லை? அறிவு இல்லையா? உண்டு. வழி தெரியாதா? தெரியும். காரணம் ஒன்றே ஒன்று. வெள்ளி வீணானால் வியாபாரிக்கு நட்டம். தண்ணீர் வீணானால் குடம் தூக்குகிறவளுக்கு நட்டம். முன்னவருக்குக் கணக்குப் பிள்ளை உண்டு. பின்னவளுக்கு யார் உண்டு?

வெள்ளியைத் திருப்பிக் கொண்டு வருகிறவன் கதியாவது நன்றாயிருக்கிறதா? சரிகை எரியும் புகை யார் மூக்கிலே ஏறுகிறது? அமிலத்திலே வெள்ளியும் செம்பும் கரையும்போது பழுப்பு நிறப் புகை கிளம்புமே, நெஞ்சைச் சுடும் நஞ்சு, அது யார் நுரையீரலிலே தங்குகிறது? வெள்ளி திரும்பி வருகிறது, வேலை செய்தவன் மூச்சு திரும்பி வருவதில்லை! இப்படிப்பட்ட மறுசுழற்சியையும் பாராட்டச் சொன்னால், நாம் தயாரில்லை.

"இவ்வளவு நாள் நடந்தது, இனியும் நடக்கும்" என்று சிலர் மீசையை முறுக்கலாம். அவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டுவோம்.

ஒன்று, இதே பாலாற்றின் மேற்கே வேலூர் மாவட்டம். தோல் பதனிடும் ஆலைகள் ஆற்றைக் கெடுத்தன. ஊர் மக்கள் வழக்காடினர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அசுத்தம் செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும், பாழான நிலத்துக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் ஈடு தர வேண்டும். இது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்தது.

மற்றொன்று, திருப்பூர். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் எழுந்தது, உழவனுக்குப் பாசனம் தர. வந்து தேங்கியதோ சாய நீர். வழக்கு நடந்தது, கெடு தரப்பட்டது, கெடு கடந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. பூட்டு விழுந்தது. முதலாளிக்கு வட்டி நட்டம். ஆயிரமாயிரம் தொழிலாளர் வீட்டிலே அடுப்பு நட்டம்! முதலிலே ஆறு போயிற்று, பிறகு வேலை போயிற்று. இரண்டு அடியும் ஒரே முதுகிலே விழுந்தது. அது உழைப்பாளியின் முதுகு.

அதே திருப்பூர்தான் அதன் பிறகு வேறொரு பாடமும் சொன்னது. பல பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தன. ஒரு சொட்டும் வெளியே விடாமல், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுத்தன. உப்பையும் எடுத்துச் சாயத்துக்கே மீண்டும் போட்டன. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது, பூட்டு விழுந்த பிறகு! காஞ்சிக்கும் பூட்டு வந்துதான் புத்தி வர வேண்டுமா?

"செலவாகுமே! பட்டு விலை ஏறுகிறது, விசைத்தறிப் போலி வாட்டுகிறது, தறிகள் குறைகின்றன; இந்த நேரத்திலே இதுவும் சுமையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெசவாளி தலையிலே இந்தச் செலவைக் கட்டுவதை நாம் ஒப்ப மாட்டோம். ஆனால் செலவில்லாத வேலையும் இதிலே நிறைய உண்டு. மூன்றாம் அலசலின் நீர் ஏறத்தாழத் தெளிவாக இருக்கிறது. அதையே அடுத்த கட்டுப் பட்டின் முதல் அலசலுக்கு வைத்தால் என்ன குறைந்து போகும்? வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால் என்று வரிசைப்படுத்தினால், கொப்பரையைக் கழுவும் தண்ணீரும் விறகும் மிச்சமாகும். கறுப்புக்கும் அரக்குக்கும் நின்ற சாய நீரிலேயே சாயம் கூட்டி மறுபடி பயன்படுத்தலாம். அனுபவமுள்ள சாயக்காரருக்குத் தெரியாத வித்தையல்ல இவை; கேட்பார் இல்லாததால் கிடப்பிலே கிடக்கும் வித்தைகள்.

2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை வேறெவரும் எடுத்தாள முடியாது என்பது அதன் பொருள். பெயர் நமதென்றால், பெயரோடு ஓடும் நீரும் நமதல்லவா? சாயத்துக்குக் கேள்வி கேட்கும் உலகம் இது. ஜெர்மனி 1994-இல் நச்சுச் சாயங்களைத் தடுத்தபோது, இங்கே சாயத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இந்திய அரசும் 1990-களில் நூற்றுக்கும் மேற்பட்ட சாயங்களைத் தடை செய்தது. நாளை சாயத் தண்ணீருக்கும் கேள்வி வரும். அன்று விழிப்பதைவிட இன்று எழுவது மேல்.

என்ன செய்யலாம்? ஐந்து காரியம் சொல்கிறோம்.

ஒன்று, தராசு. ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு பட்டறையும் ஒரு மாதம் கணக்கெழுதட்டும்: எத்தனை குடம் தண்ணீர், எத்தனை கிலோ சோப்பு, எவ்வளவு அறுந்த பட்டு, எவ்வளவு உதிர்ந்த சரிகை. அளக்காததை மிச்சம் பிடிக்க முடியாது.

இரண்டு, குழு. போபாலிலே 1984-இல் நஞ்சுக் காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலே 41-ஜி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான வேலை நடக்கும் ஆலையிலே பாதுகாப்புக் குழு வேண்டும். நிர்வாகம் எத்தனை பேரோ, தொழிலாளரும் அத்தனை பேர் என்றது அது. அந்த நியாயம் சாயப் பட்டறைக்குக் கசக்குமா? ஒரகடத்துக் கம்பெனிக்குத்தான் கசக்குமா? பாதி நாற்காலி கேளுங்கள்!

மூன்று, பொதுச் சுத்திகரிப்பு. சின்னஞ்சிறு பட்டறை தனியே செய்ய முடியாது. அரசு பணம் போட, பெருவியாபாரி பங்கு தர, சங்கங்கள் நடத்த, வேகவதிக்குப் போகும் வாய்க்காலின் வாயிலேயே அது அமையட்டும்.

நான்கு, மூச்சு. 1971-இல் தொடங்கிய அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை காஞ்சியிலேயே இருக்கிறது. உலோகம் தெரிந்த கைகள் அங்கே உண்டு. மூடிய உலையும் புகை இழுக்கும் குழாயும் கொண்ட பொது உருக்கு நிலையத்தை அதன் மேற்பார்வையிலே நடத்தச் சொல்லுவோம். கொல்லைப்புறத்திலே சட்டிவைத்து எரிக்கும் கொடுமை ஒழியட்டும்.

ஐந்து, பங்கு. மிச்சப் பட்டும் சரிகையும் அட்டையும் விற்ற காசு, கம்பெனியானாலும் சங்கமானாலும், எல்லோரும் பார்க்கும் பலகையிலே எழுதப்பட வேண்டும். அதிலே பிரித்தவர், சுற்றியவர், சுமந்தவர் அனைவரின் நலநிதிக்கும் பங்கு வேண்டும். துடைப்பம் பிடித்த ஒப்பந்தத் தொழிலாளியை விட்டுவிட்டு எழுதும் பசுமைக் கணக்கு, பசுமையுமல்ல, கணக்குமல்ல.

சங்கத்துப் பேரவை கூடும்போது இந்த ஐந்தையும் தீர்மானமாக்கி எழுந்து படியுங்கள். கம்பெனியிலே கூலி ஒப்பந்தம் பேசும்போது, பஞ்சப்படிக்கும் போனசுக்கும் பக்கத்திலே இதற்கும் ஒரு பிரிவு போடச் சொல்லுங்கள். சட்டம் தானாக நடந்து வராது; கேட்கிறவன் குரலிலே ஏறித்தான் அது வரும்.

நெசவாளியை நிறுத்துப் பார்த்த தராசு, இனி நிர்வாகத்தையும் நிறுத்துப் பார்க்கட்டும்!