வாய்தா கேட்கும் முன் யோசியுங்கள்!



என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஐந்து வயது மகளைத் தங்களிடமே வைத்துக் கொண்டு, இவளை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். குழந்தையைக் கேட்டு குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டோம்.

ஒவ்வொரு தேதிக்கும் விடிகாலையிலேயே சமையலை முடித்து, செம்பாக்கத்தில் பஸ் பிடித்து, தாம்பரத்தில் ரயில் ஏறுவோம். கோர்ட் வராந்தாவில் மதியம் வரை நின்றால், "எதிர் தரப்பு வாய்தா கேட்டிருக்கு" என்பார்கள். ஒரு தடவை வக்கீலுக்கு வேறு வழக்கு. இன்னொரு தடவை மாப்பிள்ளைக்கு ஜுரம்.

ஆனால், அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் நிச்சயதார்த்தம் என்று நாங்களும் ஒரு வாய்தா வாங்கினோம். யோசனை சொன்னதே நான்தான். "ஒரு தடவைதானே, என்ன ஆயிடப் போகுது?" என்றேன். நடுவில் கோடை விடுமுறையும் வர, மூன்று மாதம் தள்ளிப் போனது.

வழக்குப் போட்ட வருஷம் தீபாவளிக்குக் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தேன். அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது ஒன்றேகால் வருஷம் கழித்துதான். இடுப்பில் வைத்துப் பார்த்தால், கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே நின்றது. "பாட்டியைக் கேட்டுட்டு வாங்கிக்கறேன்" என்றது குழந்தை. தங்கை சுவரோரமாகத் திரும்பி நின்று கொண்டாள்.

எங்கள் வக்கீலம்மா அன்று சொன்னது மனதில் தைத்தது. "நாள் போகப் போக, குழந்தை இங்கேயே பழகிடுச்சுன்னு சொல்றதே அவங்களுக்கு வாதமாயிடும்மா" என்றார். ரோசி ஜேக்கப் வழக்கையும் சொன்னார். 1962-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய தம்பதி வழக்கு. மூன்று பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற தகராறு, 1973-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல; அவர்கள் நலனே முக்கியம் என்றது தீர்ப்பு. "நல்ல தீர்ப்புதாம்மா. ஆனா, பதினோரு வருஷத்துல அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பதினாறு ஆயிடுமே!" என்றார்.

அவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்:

* சிவில் நடைமுறைச் சட்டப்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக் கூடாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. காரணமில்லாத வாய்தாவுக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம்; செலவுத் தொகையும் கேட்கலாம்.

* வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1890-ம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டத்தின்படி, குழந்தைக்காக இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

* பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இப்போது இடைக்கால உத்தரவுப்படி, ஞாயிறுதோறும் குழந்தை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வழக்கு இன்னும் நடக்கிறது. இந்தத் தடவை அளவெடுத்துத்தான் பாவாடை தைக்கிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு வேறு நாள் பார்க்கலாம். குழந்தையின் ஐந்து வயதுக்கு வாய்தா கிடையாது, சகோதரிகளே!

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பாக்கம்.