கிஸ் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

ஆங்கில நாவல் படிக்கும் நம்மவர், கதாநாயகன் நாயகியை முத்தமிட்டான் என்று தெரிந்துகொண்ட திருப்தியோடு மேலே போய்விடுகிறார். ஆனால் அவ்விடத்தில் ஆசிரியர் பிரயோகித்திருக்கும் பதம் கிஸ்ஸா, பெக்கா, ஸ்மாக்கா, ஸ்னாகா என்று சற்றே நின்று கவனிப்பாராயின், அவ்விருவருக்கும் இடையே இருப்பது வாத்ஸல்யமா, சம்பிரதாயமா, மோகமா, வெறும் குறும்பா என்பது அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே அவருக்கு விளங்கிவிடும்.

இவற்றுள் மூத்ததும் கௌரவம் குன்றாததும் கிஸ் ஒன்றே. பழைய ஆங்கிலக் காலந்தொட்டு வழங்கி வரும் இச்சொல்லுக்கு ஜெர்மன், டச்சு பாஷைகளில் சகோதரச் சொற்கள் உண்டு. தாய் குழந்தையின் நெற்றியிலும், பக்தன் சிலுவையிலும், காதலன் காதலியின் இதழிலும் செய்வது அனைத்துக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் ஒருவர் பிரதம மந்திரியாக நியமனம் பெறுவதை அரசரின் கரத்தை முத்தமிடுதல் என்றே ராஜாங்க பாஷை கூறும். உண்மையில் உதடு கையைத் தீண்டவேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்ல வருபவன் வேதப் புத்தகத்தை முத்தமிட்டுப் பிரமாணம் செய்யும் வழக்கமும், புத்தகத்தை உயர்த்திப் பிடித்தால் போதும் என்று 1909-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பிறகு மறைந்தது. மேஜைமேல் உருளும் பில்லியர்ட்ஸ் பந்துகள் லேசாக உரசிக்கொண்டாலும் கிஸ்தான். ஆடுமாடுகள் நுழையாமல் மனிதர் மட்டும் செல்லும்படி, இரு பக்கத்துக் கம்பங்களையும் மாறிமாறித் தொட்டு ஆடும் கிராமத்துப் படலுக்கும் கிஸ்ஸிங் கேட் என்றே பெயர்.

இச்சொல்லைப் பற்றிய ஒரு விவகாரம் சரித்திரப் பிரசித்தமானது. 1805 அக்டோபர் 21-இல் டிரபால்கர் கடற்போரில் குண்டடிபட்டு மரணத் தறுவாயில் கிடந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்ஸன், தம் கப்பலின் தலைவரான ஹார்டியிடம் தம்மை முத்தமிடுமாறு வேண்டினார். ஹார்டியும் குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டார். அருகிலிருந்தவர்கள் எழுதி வைத்த செய்தி இது. வீரனொருவன் இன்னொரு வீரனிடம் முத்தம் கேட்பதாவது என்று பிற்காலத்தவர் சிலருக்குக் கூச்சம் வந்துவிட்டது. அவர் சொன்னது கிஸ் அன்று, விதி என்னும் பொருளுடைய கிஸ்மத் என்று வியாக்கியானம் செய்யத் தலைப்பட்டார்கள். கிஸ்மத் என்னும் கீழ்நாட்டுப் பதமோ நெல்ஸன் இறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. கூச்சத்தினால் செய்த வியாக்கியானம் எத்தனை சாமர்த்தியமாயிருந்தாலும் காலக் கணக்குக்கு முன் நிற்பதில்லை.

லத்தீன் பாஷையில் முத்தத்துக்கு மூன்று பதங்கள் இருந்தன. மரியாதைக்கு ஆஸ்குலும், பிரியத்துக்குப் பாஸியும், காமத்துக்கு ஸாவியும் எனப் பழைய இலக்கண ஆசிரியர்கள் வரம்பு கட்டினர். கவிகள் அவ்வரம்பை மதித்ததாகத் தெரியவில்லை. இவற்றுள் ஆஸ்குலும் என்பதிலிருந்து ஆங்கிலம் ஆஸ்குலேட் என்ற வினையை ஆக்கிக்கொண்டது. ஆடம்பரமான அந்தச் சொல்லை இன்று எவரேனும் கூறினால், பரிகாசம் செய்கிறார் என்றே கேட்பவர் கொள்வர். அது நிஜமான கௌரவத்தோடு வாழுமிடம் கணித சாஸ்திரம்: ஒரு வளைகோட்டின் ஒரு புள்ளியில் அதன் வளைவோடு முழுதும் ஒன்றிப் பொருந்தும் வட்டத்துக்கு முத்தமிடும் வட்டம் எனும் பெயரை லைப்னிட்ஸ் என்ற கணித அறிஞர் 1686-இல் இட்டார்.

வீட்டுச் சொற்களின் கதை வேறு. பெக் என்பது பறவை கொத்துவதைக் குறிக்கும் சொல். கன்னத்தில் பட்டும் படாமலும் இட்டு விலகும் முத்தத்துக்கு ஆகிவந்தது. சப்தம் எழ இடுவது ஸ்மாக். பஸ் என்பது ஷேக்ஸ்பியர் காலத்தில் தாராளமாக வழங்கிய சொல். பின்னர் ராபர்ட் ஹெர்ரிக் என்ற கவி, மனைவிக்குக் கிஸ், விலைமகளிர் போன்றாருக்கு இது என்று பிரித்துப் பாடினார். நாம் ஏறிச்செல்லும் வண்டியின் பெயரும் இதுவும் காதுக்கு ஒன்றாகவே ஒலிப்பதால், பயணிகள் இதனை மறந்ததில் நஷ்டமில்லை. ஸ்மூச் அமெரிக்கர் கொஞ்சுமொழி. ஸ்னாக் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டனில் புறப்பட்டது. நெடுநேரம் கட்டித் தழுவி முத்தமிடுவதை நண்பர்கள் தமக்குள் கேலியாகச் சொல்வது. நாவும் கலக்கும் முத்தத்துக்கு ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்; பிரெஞ்சுக்காரரோ அதைக் குறிக்கும் காலோஷே என்ற தனிவினையைத் தங்கள் பெத்தி ரொபேர் அகராதியில் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள்.

ஆங்கிலத்தில் கடிதமோ கதையோ எழுதும் நம் இளைஞர்கள் கிஸ் என்ற சொல்லோடு நிற்பது க்ஷேமம். பெக் என்பதைக் கன்னத்தோடு சேர்த்து எழுதலாம். ஸ்னாக் என்பதைப் பெரியவர்கள் இருக்கும் சபையில் வாய்திறந்து சொல்லவேண்டாம்.