இரும்பின் களைப்பு



காசிமேட்டுக் கரையில் நிற்கும் விசைப்படகுகளைப் பாருங்கள். சங்கிலி, நங்கூரம், கம்பி வடம் ஆகிய யாவும் செந்நிறம் பூத்திருக்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்றின் வேலை அது. ஈரமும் உப்பும் படிந்த இரும்பில் எண்ணற்ற சிறு மின்கலங்கள் உண்டாகின்றன. இரும்பு கரைந்து துருவாகிறது. இது கண்ணுக்குத் தெரியும் பகை. தெரியாத பகை ஒன்றும் உண்டு. அதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

கட்டுக் கம்பியைக் கையால் இழுத்து அறுக்க இயலாது. இப்படியும் அப்படியுமாகப் பலமுறை மடக்கினாலோ ஒடிந்துவிடும். உலோகம் களைத்துவிட்டது என்பர் அறிஞர். 1842ஆம் ஆண்டில் வெர்சேயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ரயிலின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாங்கவேண்டிய பாரத்திலேயே அச்சுகள் முறிவானேன்? ஜெர்மானியப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் இதனைப் பல்லாண்டுகள் சோதித்தார். நம் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. சுழலும் அச்சின் மேற்பரப்பு மாறி மாறி இழுபடுகிறது, அமுங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவே அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். லட்சக்கணக்கான சுழற்சிகளில் மயிரிழை போன்றதொரு வெடிப்புப் பிறந்து வளர்கிறது. வெடிப்பு எப்போது தானே ஓடத் தொடங்கும் என்பதற்குக் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர், கண்ணாடியை ஆராய்ந்து, 1920இல் கணக்கு வகுத்தார்.

இவ்விரு பகைகளும் சேர்ந்தால் என்ன ஆகும்? உலர்ந்த காற்றில் சாதாரண எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் குறைந்த சுமையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் முறியாது என்று கொள்வர். உப்பு நீரிலோ அந்த எல்லையே மறைந்துவிடுகிறது! துரு தின்ற குழியில் வெடிப்பு வேர்விடுகிறது. துறைமுகத்துப் பளுதூக்கியின் கொக்கிக்கு அருகில் நின்று தொழிலாளர் வேலை செய்கிறார்கள் அல்லவா? அக்கொக்கி இன்னும் எத்தனை முறை பாரம் தூக்கும் என்பது அவர்களுக்கு உயிர்க் கேள்வி.

இதனைப் படிக்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருவை ஆராய்கிறது. தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பெரிய உறுப்புகளையே களைக்கவைத்துச் சோதிக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் சென்னையில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியலும் பயன்முறை இயந்திரவியலும் தனித்தனித் துறைகள். கல்பாக்கத்தில் அணு உலைக்கான உலோகங்களை ஆராய்கிறார்கள்.

பொறியியல் பட்டதாரிகள் 'கேட்' தேர்வின் வழியாக உதவித்தொகையுடன் மேற்படிப்பில் சேரலாம். பௌதிகமோ ரசாயனமோ முதுகலையில் கற்றவர்களுக்கு 'நெட்' தேர்வு ஆராய்ச்சிக்கு வழி திறக்கும். கணக்குக்கு அஞ்சி உலோகத்தின் பக்கம் ஒதுங்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே கணக்கு நிரம்ப உண்டு! துரு தமக்குரியது என்கிறார்கள் ரசாயன மாணவர்கள். வெடிப்பு தமக்குரியது என்கிறார்கள் பொறியியல் மாணவர்கள். இரண்டையும் கற்றவர் சிலரே. என் கருத்தில், வேலை மிகுதியாகக் காத்திருப்பது அந்த இடைவெளியில்தான்.